புல்மோட்டைக்கு நான்கு பெட்டி ஆணி: பட்டியலில் இல்லாத ஊர்களைத் தேடும் முறை

நான் கணக்கெழுதும் கடை கொழும்புப் புறக்கோட்டையில் இருக்கிறது. டாம் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் குறுக்குத் தெருவில், சுமை தூக்கும் நாட்டாமிமாரின் தள்ளுவண்டிகளுக்கும் லொறிகளுக்கும் நடுவே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நடந்தால்தான் வாசலை அடையலாம். ஆணி, பிணைச்சல், தாழ்ப்பாள், கம்பிவலை, பெயின்ட் எல்லாம் மொத்த வியாபாரம். நாளொன்றுக்கு அறுபது எழுபது பில் என் கையால் போகும். ஒவ்வொரு பில்லின் தலையிலும் ஓர் ஊர்ப் பெயர் இருக்கும்: முருங்கன், மதவாச்சி, ஓட்டமாவடி, சியம்பலாண்டுவ, பசறை, புல்மோட்டை. பத்தொன்பது வருடங்களாக இந்தப் பெயர்களை எழுதுகிறேன். முதல் பத்து வருடங்களில் அவற்றில் ஓர் ஊருக்கும் போனதில்லை. பயணம் என்றால் கண்டி, நுவரெலியா, கதிர்காமம். அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

ஒரு நாள் வடகிழக்குக் கரையிலுள்ள புல்மோட்டைக்கு நான்கு பெட்டி ஆணி எழுதிக்கொண்டிருந்தபோது, சாமான் எடுக்க வந்த முஸ்லிம் வியாபாரியான நானாவிடம் பேச்சுக்குக் கேட்டேன்.

“உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது, நானா?”

“ஒன்றுமில்லை தங்கச்சி. மணல்தான்.”

பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். அவர் வாசல்படியில் கால் வைத்த பிறகு வேறொரு கேள்வி வாயில் வந்தது. “பெருநாளுக்கு மறுநாள் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?” மனிதர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தே விட்டார். அரிசிமலை என்று ஒரு கடற்கரை இருக்கிறதாம். அங்கே மணல் பொடியாக இல்லாமல் அரிசியும் குறுணையும் கலந்ததுபோலக் காலில் உருளுமாம். அதே ஊரின் இன்னொரு பக்கத்தில் மணல் கறுப்பாம். இல்மனைட் கனிமம் கலந்த மணல் என்பதால் அதை அள்ளிச் சுத்திகரித்து ஏற்றுமதி செய்கிறார்களாம். வடக்கே கொக்கிளாய்க் களப்பு, இறால், தோணி என்று பத்து நிமிடம் பேசினார். முதலாளி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

அன்று நான் கற்றதைத்தான் இந்தக் குறிப்பின் முதல் படியாக வைக்கிறேன். “பார்க்க என்ன இருக்கிறது” என்று கேட்டால், ஊர்க்காரர் தன் ஊரைச் சுற்றுலாப் பயணியின் கண்ணால் பார்த்து, சிகிரியாவோடு ஒப்பிட்டு, கூச்சப்பட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார். அவர் வாழ்க்கையை ஒட்டிக் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் எங்கே அழைத்துப் போவீர்கள்? சின்ன வயதில் வீட்டுக்குத் தெரியாமல் எங்கே குளித்தீர்கள்? ஊருக்குப் போய் வரும்போது கொழும்புச் சொந்தங்கள் எதை வாங்கி வரச் சொல்வார்கள்? எந்த மாதம் எப்பாடு பட்டாவது வீட்டுக்குப் போய்விடுவீர்கள்? கடைசிக் கேள்வி பொன்னானது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்களிடம் ஆணிக்கடை இல்லையே என்று நினைக்க வேண்டாம். இந்த நகரமே வெளியூர்க்காரர்களால் நிரம்பியது. வெள்ளவத்தைச் சாப்பாட்டுக்கடையில் தோசை வார்ப்பவர், முடிதிருத்துபவர், அடுக்குமாடிக் காவலாளி, முச்சக்கரவண்டிக்காரர் என்று யாரைக் கேட்டாலும் பாதிப் பேருக்கு வேறு எங்கோ ஒரு வளவும் கிணறும் இருக்கின்றன. சில்லறை வாங்கும் நேரத்தில் ஒரு கேள்வி போதும்.

எங்கள் வீட்டுக்கு ஓகஸ்ட் மாதத்தில் கனடாவிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். கைபேசியில் பட்டியலோடுதான் வருவார்கள்: சிகிரியா, கண்டி தலதா மாளிகை, எல்லயின் ஒன்பது வளைவுப் பாலம், மிரிஸ்ஸ, காலிக் கோட்டை, யாலவில் சிறுத்தை. இவற்றை நான் குறை சொல்லவில்லை. சிகிரியாவை ஒருமுறையாவது ஏறிப் பார்க்காமல் இந்தத் தீவில் இருப்பது அறிவீனம். ஆனால் தீவின் நீளம் 432 கிலோமீட்டர், அகலம் 224 கிலோமீட்டர், மாவட்டங்கள் 25. ஊருலகமெல்லாம் அதே ஆறேழு இடங்களில் ஒரே கோணத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டால், மற்ற இடங்களுக்கு என்ன நோய் வந்தது?

அருங்காட்சியகத்தில் சீட்டை வாசியுங்கள்

1877இல் திறக்கப்பட்ட நம் தேசிய அருங்காட்சியகம் கறுவாத்தோட்டத்தில் இருக்கிறது. பாடசாலைச் சுற்றுலாவில் வரிசையாக ஓடிப்போய்ப் பார்த்ததோடு பெரும்பாலானவர்களுக்குக் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முன்தினம் நேரம் எடுத்துப் போங்கள். சிலைக்கு முன்னால் நிற்கும் நேரத்தில் பாதியைப் பக்கத்தில் இருக்கும் விளக்கச் சீட்டுக்குக் கொடுங்கள். எங்கே கண்டெடுக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும் ஊர்தான் உங்களுக்கு வேண்டியது. ஒரு சிறிய நோட்டில் அந்த ஊர்ப் பெயர்களை மட்டும் எழுதி வந்தால் ஒரு வருடத்துக்குப் போதுமான பயணம் கையில் இருக்கும்.

என்னை இழுத்துப் போனது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹே கப்பல்களோடு கொண்டுவந்த கல் அது. அதில் பொறித்துள்ள ஆண்டு 1409. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது நீர்க்காலை மூடிய கல்லாகக் குப்புறக் கிடந்ததாம். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்குச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குப் பொன், வெள்ளி, பட்டு என்று அடுக்குகிறது. மூன்று தரப்பையும் மனம் கோணாமல் பார்த்துக்கொண்ட அந்த வியாபார புத்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மொத்த வியாபாரக் கடையில் இருப்பவளுக்குப் பிடிக்காமல் போகுமா?

தேனவரை எங்கே என்று தேடினேன். தீவின் தென்கோடியில், மாத்தறைக்குச் சற்று அப்பால் இருக்கும் தேவேந்திரமுனை. சிங்களத்தில் தெவிநுவர. இப்னு பதூதா 1344இல் பார்த்து வியந்த கோயில் நகரம் அதுதான். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துவிட்டார்கள். நாங்கள் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து மாத்தறை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் எடுத்தோம். இப்போது அங்கே விஷ்ணு தேவாலயமும் விகாரையும் இருக்கின்றன. கலங்கரை விளக்கம் ஒன்று வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பழைய கோயிலின் தூண்கள் ஆங்காங்கே கிடக்கின்றன. வந்த வழியில் சற்று முன் மிரிஸ்ஸவில் கால் வைக்க இடமில்லாத கூட்டம் இறங்கியிருந்தது. இங்கே தாமரை விற்கும் ஒரு அம்மாவும் நாங்களும்தான். கல்லை முதலில் கொழும்பில் பார்த்துவிட்டுப் போனதால் அந்த வெறும் தூண்களுக்கு முன்னால் எங்களால் ஒரு மணி நேரம் நிற்க முடிந்தது. கல்லைப் பார்க்காமல் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் இளநீர் குடிக்கப் போயிருப்போம்.

ஓர் ஆற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நாரஹேன்பிட்ட கிருள வீதியில் நில அளவைத் திணைக்களம் இருக்கிறது. 1800இல் தொடங்கிய திணைக்களம். அங்கே வரைபடம் விற்கிறார்கள் என்பது கொழும்பில் பிறந்து வளர்ந்த பலருக்குத் தெரியாது. பழைய ‘ஓர் அங்குல’ வரைபடத்தில் தீவு முழுவதும் 72 தாள்களில் அடங்கியது. பிறகு வந்த 1:50,000 அளவில் 92 தாள்கள். கைபேசி வரைபடம் நீங்கள் கேட்ட இடத்தை மட்டும் காட்டும், கூடவே ஹோட்டலையும் காட்டும். தாள் அப்படியல்ல. மேசையில் விரித்தால் கேட்காததெல்லாம் கண்ணில் படும்: நீலப் பொட்டுகளாகக் குளங்கள், கைவிடப்பட்ட குளங்கள், இடிபாடுகள், ஒற்றையடிப் பாதைகள்.

நான் செய்வது ஆற்றில் விரலை வைத்துக் கடல் வரை இழுத்துப் போவது. மல்வத்து ஓயாவைச் சொல்கிறேன். 164 கிலோமீட்டர், மகாவலிக்கு அடுத்து நீளமான ஆறு. அநுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு வடமேற்கே போகும்போது பெயர் மாறி அருவியாறு ஆகிறது. கட்டுக்கரைக்குளத்துக்கு அதுதான் நீர் கொடுக்கிறது. அரிப்புக்கு அருகே கடலில் விழுகிறது. அரிப்பு என்ற பெயரை முருங்கன் பில்களில் விலாசமாக எழுதியிருக்கிறேன். விரல் அங்கே போய் நின்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அரிப்பைப் பற்றித் தேடினால் ரொபர்ட் நொக்ஸ் வருகிறார். 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கரையிறங்கி, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்ட ஆங்கிலேய மாலுமி. ஏறக்குறைய இருபது வருடங்கள் மலைநாட்டில் தடுத்துவைக்கப்பட்டிருந்தார். தொப்பி பின்னி விற்றார், ஊர் ஊராகச் சில்லறை வியாபாரம் செய்தார். அந்த வியாபாரத்தின் சாக்கில் வடக்கு நோக்கி நகர்ந்து, 1679இல் ஒரு தோழரோடு இதே ஆற்றின் ஓரமாகக் காட்டுக்குள் நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். ஒருவர் தப்பி ஓடிய வழி! சுற்றுலாப் பயணத்துக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

நாங்கள் காட்டுக்குள் நடக்கவில்லை. வில்பத்துக் காட்டில் கரடியிடம் அகப்பட எனக்கு ஆசையில்லை. அநுராதபுரத்தில் ஆற்றைப் பார்த்தோம். மதவாச்சியில் ரயில் மாறி முருங்கனில் இறங்கினோம். தலைமன்னார்ப் பாதை 1990இல் அழிந்து 2015இல்தான் முழுவதும் திரும்பி வந்தது. ஜன்னலோரத்தில் ஒரு பாட்டி ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முருங்கனிலிருந்து பஸ்ஸும் முச்சக்கரவண்டியுமாக அரிப்பு. கோட்டையில் சுவர்களே மிச்சம். சற்றுத் தெற்கே கடலோரத் திட்டில் ஒரு பெரிய மாளிகையின் எலும்புக்கூடு நிற்கிறது. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். கட்டியவர் ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த். 1801க்கும் 1804க்கும் இடையில், சிலாவத்துறை முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டினார். முத்தும் இல்லை, ஆளுநரும் இல்லை. கடல் திட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. என் பெறாமகள், உயர்தரம் படிப்பவள், எல்லவுக்குத்தான் போக வேண்டும் என்று இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள், சாயும் வெயிலில் அங்கே எடுத்த படத்தை இன்னும் கைபேசியின் முகப்பில் வைத்திருக்கிறாள்.

ஆறு பிடிக்காவிட்டால் ரயில் பாதையைப் பிடியுங்கள். புத்தளப் பாதையோ களனிவெளிப் பாதையோ ஏதாவது ஒன்றின் கடைசி நிலையம் வரை போவதே ஒரு நல்ல தொடக்கம்.

சட்டைப் பையில் இருப்பதையும் விட்டுவிட வேண்டாம். 2010ஆம் ஆண்டு வரிசை நோட்டுகளில் ஐம்பது ரூபாயை உற்றுப் பாருங்கள். மனம்பிட்டியில் மகாவலிக்கு மேலால் போகும் பழைய பாலமும் புதிய பாலமும் அதில் இருக்கின்றன. பழைய பாலத்தில் ஒரு காலம் ரயிலும் லொறியும் ஒரே வழியில் முறைவைத்துப் போயின. எங்கள் மட்டக்களப்பு லொறிக்காரர் அங்கே கதவடைத்துக் காத்திருந்த இரவுகளைப் பற்றி இன்றும் புலம்புவார். ஆயிரம் ரூபாயில் ரம்பொடைச் சுரங்கப் பாதை இருக்கிறது. செலவழிக்கும் முன் ஒரு தடவை பாருங்கள், அவ்வளவுதான்.

மாதத்தைத் தேடுங்கள்

எந்த மாதம் வீட்டுக்குப் போய்விடுவீர்கள் என்ற கேள்விக்கு முல்லைத்தீவுக்காரர்கள் தயங்காமல் சொல்லும் பதில் வைகாசி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். கடல்நீரை எடுத்து வந்து அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். அதே மாதத்தில் மட்டக்களப்புப் பக்கம் கண்ணகி கோயில்களில் அம்மனைக் குளிர்விக்கும் சடங்கான குளிர்த்தி நடக்கும். ஒரே தெய்வம், கிழக்கில் ஒரு முறை, வன்னியில் ஒரு முறை. இதை எங்கள் கடைச் சிங்களப் பையனிடம் சொன்னபோது, “எங்கள் பத்தினி தெய்யோதானே, அக்கா” என்றான். அவன் வீடு நவகமுவவில். கடுவலையைத் தாண்டி அவிசாவளைக்குப் போகும் கீழ்வீதியில், கொழும்பிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், பத்தினி தேவாலயம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கயவாகு என்று வரும் இலங்கை மன்னன் கண்ணகி வழிபாட்டைக் கொண்டுவந்த கதையை அங்கே சிங்களத்தில் சொல்கிறார்கள்.

ஆகவே ஒரு ஞாயிறு நவகமுவ, வைகாசியில் வற்றாப்பளை, வாய்த்தால் அடுத்த வைகாசியில் மட்டக்களப்பு என்று ஒரு கண்ணகியைப் பின்தொடர்ந்தே தீவில் பாதியைப் பார்த்துவிடலாம். இப்படி ஏதாவது ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெய்வம் வேண்டாமென்றால் தயிர்ச்சட்டி, உப்பளம், பெருக்கமரம், எதுவானாலும் சரி. ஊரை நீங்கள் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, நூல் தேர்ந்தெடுக்கும்.

ஆசை வந்த பிறகு செய்ய வேண்டியவை

முதலில் மழை. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கிலும் மலையின் மேற்குச் சரிவிலும் பெய்யும். அந்த மாதங்களில் கிழக்கு காய்ந்து அழகாக இருக்கும். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை கிழக்கும் வடக்கும் நனையும். இதைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, பரீட்சை எழுதிவிட்டு, டிசம்பர் மாதப் பௌர்ணமிக்கு மட்டக்களப்புக்குப் போனவள் நான். கல்லடிப் பாலத்தின் அடியில் நிலவு இரவில் மீன் பாடும் என்பார்களே, அதைக் கேட்க. மூன்று நாளும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தங்கியிருந்த வீட்டு அம்மா சுடச்சுடப் பிட்டும் மீன் குழம்பும் தந்து, “மீன் பாடுவது வெயில் காலத்தில் பிள்ளை, இப்போது தவளை பாடும்” என்றார். தவளை நன்றாகத்தான் பாடியது. பிறகு ஒரு சித்திரையில் திரும்பப் போனேன்.

அடுத்தது கடைசி பஸ். போகும் பஸ் எப்போது என்று எல்லோரும் கேட்கிறார்கள், திரும்பும் பஸ்ஸைக் கேட்பதில்லை. சிறிய ஊர்களில் அது பிற்பகல் நான்கு மணிக்கே போய்விடலாம். ஊர்க்காரரிடம் கேளுங்கள், நடத்துநரிடம் மறுபடி கேளுங்கள். நெடுந்தீவு போன்ற இடத்துக்குக் குறிகாட்டுவானில் படகு ஏறும்போது காற்றையும் விசாரியுங்கள். கடல் எழும்பினால் எந்த நேர அட்டவணையும் செல்லாது.

தங்குமிடத்தை முதல்நாள் மாலையில் ஒருமுறை அழைத்து உறுதிப்படுத்துங்கள். முற்பணம் வாங்கிய அறையை ஒரு விடுதிக்காரர் கல்யாண வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். அன்றிரவு சமையலறைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தோம். கல்யாணச் சாப்பாடு கிடைத்தது, அது வேறு விஷயம்.

வடக்கிலும் கிழக்கிலும் கண்ணிவெடி அபாயப் பலகை வைத்த நிலத்தில் படம் எடுக்கக்கூட இறங்கக் கூடாது. காட்டோர வீதிகளில் இருட்டிய பிறகு ஓட்டோவில் போவது யானைக்கு விருந்து வைப்பதுபோல. குளத்தில் குளிக்கும் முன், முதலை இருக்கிறதா என்று துணி துவைப்பவர்களைக் கேளுங்கள், அவர்கள் நிற்கும் இடத்திலேயே குளியுங்கள். யாருடைய வீட்டையாவது ஒற்றையறை ஓட்டு வீடு என்று ரசித்துப் படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

நாட்களைப் பொறுத்தவரை, போயா வெள்ளியிலோ திங்களிலோ விழும் மாதங்களை வருடத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் வட்டமிட்டு விடுவேன். இரண்டு இரவு, மூன்று பகல். அதற்கு மேல் முதலாளி தரமாட்டார்.

புல்மோட்டைக்கும் போய் வந்தோம். திருகோணமலைக்கு இரவு பஸ், அங்கிருந்து நிலாவெளி, குச்சவெளி, திரியாய் தாண்டி. திரியாயில் மலையேறிப் ஸ்தூபியைச் சுற்றிக் கட்டிய பழைய வட்டக் கட்டடமான வட்டதாகேயின் கல்தூண்களைப் பார்த்தோம். அரிசிமலையில் பெறாமகள் ஒரு பிடி மணலை அள்ளி, உலை வைக்கலாமா என்று கேட்டாள். நானாவின் கடையில் எங்கள் ஆணிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மேல் பெட்டியில் என் கையெழுத்து.

போன கிழமை உடப்புக்கு ஒரு பில் எழுதினேன். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், கடலோரத்தில் இருக்கும் தமிழ் ஊர். இரண்டு சுருள் கம்பிவலை, ஒரு டின் நீலப் பெயின்ட். வாங்க வந்த தம்பியிடம் எந்த மாதம் ஊரில் இருப்பீர்கள் என்று கேட்டேன். “திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு, அக்கா. அந்தப் பதினெட்டு நாளும் என்னைக் கொழும்பில் காண முடியாது” என்றான். பில்லின் அடிக்கட்டையில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். மாலையில் கணக்குப் பார்த்த முதலாளி அதைக் காட்டி, கடன் பாக்கியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.